படகோடு பொருத்திய டேங்கில் இரண்டு வருடப் பழைய பெட்ரோல் கிடக்கிறது. டேங்கைக் கழற்ற முடியாது. பாதுகாப்பாக எப்படி வெளியே எடுப்பது?

முதலில் ஒன்று: ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். சிறிதளவு பெட்ரோல் நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. சாதாரண மின் பம்பும் வேண்டாம், அதன் மோட்டாரில் எழும் பொறியே தீ வைத்துவிடும். கை பம்பு மெதுவாகத்தான் இறைக்கும், ஆனால் அதுதான் சரி.

பயப்பட வேண்டியது பெட்ரோலைவிட அதன் ஆவிக்குத்தான். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், வெளியேற வழியில்லாமல் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அதனால் படகைக் கரையேற்றி, காற்றோட்டமான திறந்த வெளியில் நிறுத்தி, எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள். வேறு எதையும் தொடுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஆவி சேர்ந்த பிறகு கழற்றினால் அந்தப் பொறியே போதும். பெட்ரோல் தீக்கான தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நான் செய்தபோது முதலில் பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக ஹோஸை விட்டேன். நடுவிலிருந்த வளைவில் முட்டி நின்றுவிட்டது. பிறகு இன்ஜினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அழுத்தி இறைக்கும் ரப்பர் பல்பை மாட்டினேன். பெட்ரோல் தானாக வழிந்துவிடாமல் தடுக்கும் வால்வு டேங்கின் தலையில் இருப்பதால் விடாமல் அழுத்த வேண்டியிருந்தது. அப்படியும் கடைசிச் சில லிட்டர் வரவில்லை, உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாய் டேங்கின் அடிவரை போவதில்லை. ஆனால் தண்ணீரும் கசடும் கிடப்பது அந்த அடியில்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால், ஈரத்தை இழுத்து இழுத்து, ஓர் அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து கீழே படிந்துவிடும். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றினால் அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குத்தான் போகும்.

கடைசியில், அளவு காட்டும் மிதவையின் தட்டைத் திறந்து, படகின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பின்மூலையில் பம்பின் குழாயை இறக்கினேன். அடியில் கிடந்தது அத்தனையும் வந்துவிட்டது. தட்டைத் திரும்ப மூடும்போது புது கேஸ்கெட் போடுங்கள். பழையது கசிந்தால் டேங்கை நிரப்பும்போதுதான் தெரியும்.

கேனைப் படகிலோ வண்டியிலோ வைத்து நிரப்பாதீர்கள். தரையில் வையுங்கள், ஹோஸ் நுனி கேனைத் தொட்டபடி இருக்கட்டும். நிலைமின்சாரப் பொறியைத் தவிர்க்கத்தான் இது.

காலி டேங்க்தானே என்று அதன் அருகில் வெல்டிங், ட்ரில் எதையும் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருப்பது ஆவி, நிறைந்த டேங்கைவிட அது மோசம். அடிப்பள்ளத்தில் குனிந்து முகர்ந்து, துளி வாடையும் இல்லை என்று உறுதியான பிறகே பேட்டரியை மாட்டுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன், அடிப்பள்ளத்துக் காற்றை வெளியே தள்ளும் ப்ளோயர் நான்கு நிமிடமாவது ஓடட்டும். எடுத்த பெட்ரோலை மண்ணிலோ நீரிலோ சாக்கடையிலோ கொட்டாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.