மூடில் மையநிரலில் நாமே கை வைக்கலாமா?

"எங்கள் கல்லூரியில் இணையவழிப் பாடங்களுக்காக மூடில் மென்பொருளை நிறுவியிருக்கிறோம். அது எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி நிரல்மொழி எனக்கு ஓரளவு தெரியும். எங்கள் தேவைக்கேற்ப அதன் மையநிரலையே திருத்திக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உரிமம் தடுக்காது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் 2002-இல் வெளியிட்ட 1.0 பதிப்பு தொடங்கி இன்றுவரை மூடில் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில்தான் வருகிறது. எந்த வரியையும் யாரும் மாற்றலாம். ஆனால் உங்கள் சர்வரில் மட்டும் மாற்றிவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். திருத்தம் உருப்படியானது என்றால் மூலத்துக்கே, அதாவது மூடிலை உருவாக்கும் குழுவுக்கே அனுப்புங்கள். அனுப்பும் அளவுக்கு இல்லையென்றால், பெரும்பாலும் அந்தத் திருத்தமே தேவைப்படாது.

சேலத்தில் ஒரு கல்லூரியின் மூடிலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "நிரலை மாற்றித் தாருங்கள்" என்று ஆசிரியர்கள் கொண்டுவரும் கோரிக்கைகளில் பெரும்பகுதி அமைப்புப் பக்கத்திலேயே தீர்ந்துவிடும். பெயர் விவகாரத்தையே பாருங்கள். மூடில் முதற்பெயர், கடைசிப்பெயர் என இரண்டு கேட்கிறது. நம் பிள்ளைகளிடம் இருப்பதோ பெயரும் இனிஷியலும். இனிஷியலைக் கடைசிப்பெயர்க் கட்டத்தில் போட்டால் 'முருகேசன் கே.' என்று வந்து நிற்கும். முழுப்பெயர் வடிவ அமைப்பில் வரிசையைத் திருப்பிவிட்டால் அது சரியாகிவிடும்.

இதைவிடச் சுவையானது, பங்கேற்பாளர் பட்டியலுக்கு மேலே ஏ முதல் இசட் வரை ஓடும் எழுத்துப் பட்டை. பெயர்களைத் தமிழில் ஏற்றியிருந்தால் அதில் எந்த எழுத்தைத் தட்டினாலும் ஒருவரும் வரமாட்டார்கள். உடனே நிரலைத் திறக்கத் தோன்றும். திறக்க வேண்டாம். அந்த வரிசை, மொழித்தொகுப்பின் லாங்கான்ஃபிக் பகுதியில் 'ஆல்ஃபபெட்' என்ற ஒரே எழுத்துச்சரமாக இருக்கிறது. மொழித் தனிப்பயனாக்கப் பக்கத்தில் அ, ஆ, க, ச என்று காற்புள்ளியிட்டு எழுதிச் சேமித்தால் போதும். கா, கி, கு எல்லாவற்றையும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. யூனிகோடில் 'கா' என்பது 'க'வும் அதற்குப் பின் வரும் துணைக்காலும்தான். ஆகவே 'க'வைத் தட்டினால் காவேரியும் குமாரும் சேர்ந்தே வருவார்கள்.

ஏற்காட்டு மலையில் எஸ்டேட் பக்கம் வீடுள்ள மாணவர்களுக்குச் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. "இணையம் இல்லாமல் தேர்வு எழுத வழி செய்யுங்கள்" என்பார்கள். மூடில் செயலியில் அதுவும் உண்டு. அந்தத் தேர்வுக்குக் கால வரம்பு வைக்காமல், ஆஃப்லைன் அனுமதியை இயக்கினால் ஆயிற்று.

சரி, உண்மையிலேயே நிரலில்தான் குறை என்றால்? ஓர் அறிக்கைப் பக்கம் திறக்க இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். மேம்பாட்டுப் பிரிவில் செயல்திறன் விவரத்தை இயக்கினால், தரவுத்தளத்தை எத்தனை முறை படித்தது என்ற கணக்கு பக்கத்தின் அடியில் தெரியும். பத்துப் பேர் வகுப்புக்கும் அறுபது பேர் வகுப்புக்கும் அந்த எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. ஆள் கூடக் கூட எண்ணும் ஏறினால், பட்டியலில் ஒவ்வொருவராக எடுத்துச் செல்லும் ஃபோர்-ஈச் சுற்றுக்குள் யாரோ ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கெட்-ரெக்கார்ட், அதாவது தரவுத்தளத்திலிருந்து ஒரு பதிவை எடுக்கும் கட்டளை எழுதியிருப்பார்கள். சுற்றுக்கு முன்பே எல்லா ஐடிகளையும் திரட்டி ஒரே வினவலில் எடுப்பதுதான் மருந்து. நாலைந்து வரி வேலை. மூலத்துக்கு அனுப்ப வேண்டிய திருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அந்த நாலு வரியை நினைவாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். 5.1 பதிப்பில் உலாவிக்குத் தெரியவேண்டிய கோப்புகளையெல்லாம் 'பப்ளிக்' என்ற கோப்புறைக்குள் நகர்த்திவிட்டார்கள். பழைய கோப்புகளை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறவருக்கு எந்தக் கோப்பு எங்கே போனது என்றே தெரியாது. தரவுத்தளத்தின் மைய அட்டவணையில் சொந்தமாக ஒரு நெடுவரிசையைச் சேர்த்தவர் கதை இன்னும் மோசம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். கூடுதல் வசதி வேண்டுமென்றால் அதற்கு 'லோக்கல்' வகைச் செருகுநிரல் இருக்கிறது, மையநிரலைத் தொடாமல் நம் நிரலை அதனோடு கொக்கிபோட்டு இணைக்கும் ஹூக் வசதியும் 4.3 முதல் இருக்கிறது.

அனுப்பும் வழி கடினமானதல்ல, ஆனால் பொறுமை வேண்டும். குறைகளைப் பதியும் தளமான மூடில் டிராக்கரில் முதலில் தேடுங்கள். உங்களுக்கு முன்பே யாராவது முறையிட்டிருப்பார்கள். இல்லையென்றால் புதிதாகப் பதியுங்கள், 'எம்டிஎல்' என்று தொடங்கும் எண் ஒன்று கிடைக்கும். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் அந்த எண்ணில் ஒரு தனிக் கிளை தொடங்கி, கமிட் செய்தியையும் (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) அதே எண்ணில் தொடங்குங்கள். நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் பிஎச்பியூனிட் சோதனை ஒன்று கூடவே இருக்கட்டும். முதலில் சக நிரலாளர் ஒருவர் பார்ப்பார், பிறகு ஒருங்கிணைப்புக் குழு பார்க்கும். அதற்கு முன் நடைச் சரிபார்ப்புக் கருவி உங்களை ஒரு வழி பண்ணிவிடும்: வரி 132 எழுத்தைத் தாண்டினால் எச்சரிக்கும், குறிப்புரை முற்றுப்புள்ளியில் முடியாவிட்டால் அதற்கும் முறைக்கும். எனக்கு இந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. நம் கல்லூரிகளில் விடைத்தாளைக்கூட இவ்வளவு கவனமாகத் திருத்துவதில்லை.

பிழைத்திருத்தம் என்றால் ஆதரவில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் போகும். புதிய வசதி என்றால் அடுத்த பெரிய பதிப்பில்தான் வரும். அதுவரை அந்தத் திருத்தத்தை உங்கள் சர்வரில் தனிக் கிளையாக ஓட்டுங்கள். கமிட்டில் எம்டிஎல் எண் இருப்பதால், அது மூலத்தில் சேர்ந்த பதிப்பு வந்ததும் எதை நீக்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.