ஒரே வேலை, இரண்டு சம்பளம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (வாங்குவோரின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவராக) வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். எனக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பணியில் சேர்ந்த ஆண் ஊழியருக்கு 31,000. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவளே நான்தான். மேலாளரிடம் கேட்டேன். “அவர் குடும்பத்தைத் தாங்குகிறவர், உங்கள் வீட்டில் கணவர் சம்பாதிக்கிறாரே! ஷிப்மென்ட் நாளில் இரவு தங்குவதும் அவர்தானே” என்றார். அந்த நண்பர் நல்லவர்; தன் சம்பளச் சீட்டை அவரே எனக்குக் காட்டினார். நான் புகார் செய்தால் அவர் சம்பளத்தைக் குறைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சட்டத்தில் எனக்கு வழி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்களுக்கு வழி உண்டு. உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆண், பெண் சம்பளத்தைச் சமமாக்குகிறேன் என்று சொல்லி எந்த ஊழியரின் சம்பளத்தையும் முதலாளி குறைக்கக் கூடாது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், தன் மூன்றாம் பிரிவில் அதையே சொல்கிறது. உங்களுடைய 24,000-தான் உயர வேண்டும். அவருடைய 31,000-இல் யாரும் கை வைக்க முடியாது.

உங்களைப் போலக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அரசியல் சட்டத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். சமத்துவம் பற்றிய 14, 16 ஆகிய பிரிவுகள் அரசைக் கட்டுப்படுத்துபவை. தனியார் நிறுவனத்தின் மேல் அவற்றைக் கொண்டு நேரடியாகப் பாய முடியாது. உங்கள் கையில் இருக்க வேண்டியது இந்த ஊதியச் சட்டம். அது தொழிலாளர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. மேற்பார்வையாளர், அலுவலகப் பணியாளர், மேலாளர்கூட இதன்கீழ் ஊழியர்தான்.

இனி மேலாளர் சொன்ன காரணங்கள். குடும்பத்தைத் தாங்குகிறவர் என்பது சட்டத்தின் முன் காரணமே அல்ல. வீட்டுச் செலவைப் பார்த்துத்தான் சம்பளம் என்றால், அங்கே கல்யாணமாகாத ஆணுக்குக் குறைத்தல்லவா கொடுத்திருக்க வேண்டும்? அப்படிக் கொடுத்த முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே வேலையா என்று பார்க்கச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல்கள் நான்கு: திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு. ஒத்த பணிச் சூழலில் இவை ஒன்றாக இருந்தால் போதும். சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருந்தாலும், நடைமுறையில் அவற்றுக்கு முக்கியத்துவம் இல்லையென்றால் அது ஒத்த வேலையே.

இரவு தங்குவதுதான் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். மாதத்தில் எத்தனை இரவு தங்குகிறார்? அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கிறார்களா? உங்களை எப்போதாவது தங்கச் சொல்லி, நீங்கள் மறுத்தீர்களா? மாதத்துக்கு ஓரிரு இரவு என்றால் அது பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். அதைக் காட்டி மாதச் சம்பளத்திலேயே 7,000 ரூபாய் இடைவெளி வைப்பது நிற்காது என்பது என் கணிப்பு. மாறாக, வாரத்துக்கு மூன்று இரவு அவரே ஷிப்மென்ட் முழுவதையும் பார்க்கிறார் என்றால் உங்கள் வழக்கு பலவீனப்படும். உண்மை எதுவோ, அதை இப்போதே தேதி வாரியாக எழுதி வையுங்கள்.

உங்கள் பக்கம் பேச ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆட்ரி டிகோஸ்டா என்பவர் நிலுவை கேட்டு வழக்குப் போட்டார். பெண்கள் மூத்த அதிகாரிகளிடம் தனியாக வேலை செய்கிறார்கள், ஆகவே அது வேறு வேலை என்றது நிறுவனம். தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் சம்பளம் நிர்ணயித்தோம் என்றது. கொடுக்கப் பணம் இல்லை என்றும் சொன்னது. 1987-இல் உச்ச நீதிமன்றம் இவற்றில் எதையும் ஏற்கவில்லை. பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள், உண்மையில் செய்த வேலையைப் பாருங்கள் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் நண்பருக்கு நாளையே ‘சீனியர்’ என்று ஒரு பட்டம் கொடுத்தாலும், இந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கை கொடுக்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் இதற்கென அறிவிக்கப்பட்ட அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அவர் யார் என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். உங்களுக்கும் அவருக்கும் இடையிலான 7,000 ரூபாய் வித்தியாசம் 36 மாதமும் மாறாமல் இருந்திருந்தால் நிலுவை 2,52,000 ரூபாய். அதற்கு மேல், நிலுவையின் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அவ்வளவும் கிடைக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். உச்ச வரம்பு என்பது பேரம் பேசும்போது பயன்படும். புதிய சட்டத்துக்கு முந்தைய மாதங்களுக்கான உரிமையும் பழைய சட்டத்தின் கீழ் தொடரும்.

கடிதம் கொடுத்த பிறகு ராஜினாமா எழுதித் தரச் சொல்வார்கள். எழுதாதீர்கள். அவர்களாக நிறுத்தினால், நிர்வாகப் பதவியில் இல்லாத அலுவலகப் பணியாளர் என்ற முறையில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமல் நீக்கினால் அது செல்லாது.

ஆதாரத்துக்காக அலுவலகக் கணினியைத் துழாவ வேண்டாம், அதுவே உங்கள்மேல் குற்றச்சாட்டாகிவிடும். வாங்குவோரிடமிருந்து (பையர்) உங்களுக்கு வந்த மின்னஞ்சல்கள், இருவருக்கும் ஒதுக்கப்பட்ட ஆர்டர்கள், நீங்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்ததற்கான கடிதப் போக்குவரத்து இவை போதும். நண்பரின் சம்பளச் சீட்டை வாங்கி இணைக்கவும் தேவையில்லை. ஊதியப் பதிவேடு வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை. அதை வரவழைக்கும்படி அதிகாரியிடம் கேளுங்கள்; நண்பருடைய 31,000 அங்கே நிறுவனத்தின் கையெழுத்திலேயே இருக்கும்.