பெரிய விளையாட்டுக் கடைகள் எப்படிப் பிழைக்கின்றன: குன்னூர் கடைக்காரரிடம் கேள்வி பதில்

குன்னூரில் 22 வருடமாக விளையாட்டுச் சாமான் கடை நடத்துகிறேன். நம் ஓட்டக் குழுவினர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

வெலிங்டன்: அண்ணா, டெக்கத்லானில் மட்டும் எப்படி இவ்வளவு மலிவு?

அங்கே விற்கும் குவெச்சுவா, கிப்ஸ்டா, டோமியோஸ் எல்லாம் அவர்களுடைய சொந்த பிராண்டுகள். வடிவமைப்பதிலிருந்து கல்லாவில் பில் போடுவது வரை ஒரே கை. என் கடையிலுள்ள பந்து ஜலந்தரில் கிளம்பி, கோவை டிஸ்ட்ரிபியூட்டரிடம் இறங்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருகிறது. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 1976இல் பிரான்ஸில் லீல் நகருக்குப் பக்கத்தில் ஒரே கடையாகத் தொடங்கியவர்கள், இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் 1,700 கடைகளைத் தாண்டிவிட்டார்கள். அத்தனை கடைக்கும் சேர்த்துத் தைக்கும்போது ஒரு ஜாக்கெட்டின் அடக்கவிலை இறங்கத்தான் செய்யும்.

அருவங்காடு: மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே டிக்ஸ் என்று ஒரு கடையாம். அதுவும் இதே மாதிரியா?

இல்லை சார், அது வேறு வழி. டிக்ஸ் பெரும்பாலும் நைக்கி போன்ற அடுத்தவர் பிராண்டை விற்கும் கடை. 1948இல் டிக் ஸ்டாக் என்ற 18 வயதுப் பையன், பாட்டி பிஸ்கட் ஜாடியில் சேர்த்து வைத்திருந்த 300 டாலரை வாங்கித் தூண்டில் கடை போட்டார். இன்று 800க்கு மேல் கடைகள். 2025இல் ஃபுட் லாக்கர் என்ற பெரிய ஷூக் கடை நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள்.

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு. அதே நைக்கி ஷூ பக்கத்துக் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும். அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி என்ற நிறுவனமும் இதே வழியில் 460 கடை வைத்திருந்தது. கடன் சுமையும் சேர்ந்து 2016இல் மொத்தமாக மூடியது. டிக்ஸும் இப்போது சொந்தப் பெயரில் துணிகள் கொண்டுவருவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்பேன்.

கேத்தி: ட்ரெக்கிங் ஷூ எந்தக் கடையில் வாங்கலாம்?

எங்கே வாங்கினாலும் வாங்கிப் பரணில் போடாதீர்கள். நடு சோல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையாக இருந்தால் நம் ஈரக்காற்றிலேயே சிதையும். போன மாதம் ஒருவர் ஐந்து வருடம் பெட்டியிலேயே இருந்த ஷூவைக் கொண்டுவந்தார். கட்டைவிரலால் அழுத்தினேன், பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

மஞ்சூர்: குன்னூருக்கு டெக்கத்லான் எப்போது வரும்?

அவர்களைத்தான் கேட்க வேண்டும். அத்தனை பெரிய தளமும் பார்க்கிங்கும் நம் சரிவில் கிடைப்பது கஷ்டம்.

கோத்தகிரி டீச்சர்: டெக்கத்லான் மாதிரி சொந்த பிராண்டுகளை மட்டும் வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாதே? அது வாடிக்கையாளருக்கு நஷ்டம்தானே?

ஊட்டி கோச்: நஷ்டம் எப்படி டீச்சர்? என் பசங்க 20 பேருக்கும் பூட்ஸ் வாங்க முடிந்ததே அந்த விலையால்தான்.

இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் வேறு வேறு சாமானைப் பற்றிப் பேசுகிறீர்கள். வளரும் பையனுக்கு ஒரு சீசன் பூட்ஸ் என்றால் கோச் பக்கம்தான் நான். கிரிக்கெட் பேட் என்றால் டீச்சர் பக்கம். ஒரே விலை, ஒரே எடை எழுதிய இரண்டு காஷ்மீர் வில்லோ பேட்டைப் பழைய பந்தால் தட்டிப் பாருங்கள். ஒன்று துள்ளும், ஒன்று கட்டை மாதிரி இருக்கும். நான்கு மீரட் கம்பெனிகளின் பேட்டை வரிசையாக நிறுத்தித் தட்டிப் பார்க்கவிடும் கடை அதற்கு வேண்டும்.

கோத்தகிரி டீச்சர்: அப்போ சின்னக் கடைகள் நிற்குமா?

அடுக்கி வைத்து விற்றால் மட்டும் நிற்காது. அமெரிக்காவில் ஆர்.ஈ.ஐ. என்பது கூட்டுறவு, 1938இல் சியாட்டில் மலையேறிகள் நல்ல பனிக்கோடரி நியாய விலைக்குக் கிடைக்கவில்லையென்று சேர்ந்து தொடங்கியது. டிக்ஸை விட ரொம்பச் சின்னது. ஆனால் மலையேறுகிறவர்கள் அதை விடவில்லை. நான் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிறேன், பேட்டுக்குப் பிடி மாற்றுகிறேன். என் வாடகை அதில்தான் வருகிறது.

எடப்பள்ளி: எந்தக் கடை மலிவு?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி.

பர்லியார்: மழைக்கு ஷூ வாங்கி வைத்திருக்கிறேன், டிசம்பரில் போடலாமா?

இன்றைக்கே போடுங்கள். மேலே சொன்னேனே, பரண் வேண்டாம்.