வைசரில் நாலு டியர் ஆஃப் போட்டால் விளக்கு ஏன் இரட்டையாகத் தெரிகிறது?

கேள்வி: வார இறுதியில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் ஓட்டுகிறேன். ஹெல்மெட்டின் வைசர் (முகத்துக்கு முன் இருக்கும் கண்ணாடி போன்ற தகடு) கீறாமல் இருக்க, இரண்டு ஓரப் பொத்தான்களில் மாட்டும் டியர் ஆஃப் ஷீட்டுகள் (அழுக்கானதும் உரித்தெடுக்கும் மெல்லிய தெளிவான பிலிம்) நான்கைப் போட்டேன். வீடு திரும்பும்போது எதிரே வரும் விளக்குகள் இரட்டையாகத் தெரிகின்றன. முன்பு வேறொரு பிலிமை ஒரு மாதம் ஒட்டியே வைத்திருந்து உரித்தபோது பசை அப்படியே நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். இருட்டுவதற்குள் அந்த நான்கையும் கழற்றிவிடுங்கள். இரவுச் சாலையில் அவை ஆபத்து.

கோளாறு பிலிமில் இல்லை, இடையில் நிற்கும் காற்றில்தான். டியர் ஆஃப் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிலிம். காற்றைத் தொடும் அதன் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 6 சதவீத வெளிச்சம் திரும்பிப் போகிறது. ஒரு ஷீட்டுக்கு இரண்டு பரப்பு. நான்கு ஷீட்டுகளும் தனித்தனியாக நின்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கு வராது. திரும்பிய வெளிச்சமும் சும்மா இருப்பதில்லை. ஷீட்டுகளுக்கு நடுவே மாறி மாறி எதிரொளித்து, சற்றுத் தள்ளி இன்னொரு விளக்காகத் தெரிகிறது.

இதற்கு மாற்று, தெளிவான பசையால் முழுப் பரப்பும் ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்கு. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்களின் முன்கண்ணாடியில் இந்த வகைதான் இருக்கும். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் பிட்டில் நிறுத்தும்போது மேலடுக்கை ஒரே இழுப்பில் உரித்துவிடுவார்கள். காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பசை நிரப்பிவிடுவதால், உள் பரப்புகளில் திரும்பும் வெளிச்சம் ஒரு சதவீதம்கூட வராது. வாங்கும்போது "லேமினேட்டட்" என்று கேட்டு வாங்குங்கள். பொத்தான் வகைதான் கையில் இருக்கிறதா? பகலில் மட்டும், ஒன்று அல்லது இரண்டு போதும்.

அப்புறம் பசை. வெயிலில் நிறுத்திய பைக்கில் ஹெல்மெட் தொங்கினால் பசை வெந்து இறுகும். ஓட்டம் முடிந்த அன்றே கழற்றுவது நல்லது. உரிக்கும்போது நேராக வெளியே இழுக்காமல், பிலிமைப் பின்னுக்கு மடக்கி வைசரோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். தங்கிவிட்ட பசைமேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறியதும் பாத்திரம் கழுவும் சோப்புநீரால் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கிட்டே வரக் கூடாது. வைசர் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், இவை பட்டால் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும், பிறகு சரியாகாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம். தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் நான் பார்த்ததில் அதிக வைசர்களைக் கெடுத்தது. முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்.

உரித்த ஷீட்டைச் சட்டைப்பையில் போடுங்கள். 2022-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஓட்டுநர் லெக்லெர்க்கின் பெராரிக்குப் பிரேக் காற்றுக்குழாயில் போய்ச் சிக்கியது இப்படி யாரோ வீசிய ஒரு டியர் ஆஃப்தான்.