ஹோலோகாஸ்ட் வரலாறு படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இளங்கலை வரலாறு இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், நாஜிக்கள் நடத்திய யூத இனப்படுகொலையைப் பற்றி மேற்படிப்பு படிக்க விரும்புவதாகவும், என்றோ முடிந்துபோன கதையைப் படித்து என்ன வேலைக்குப் போவது என்று புரியவில்லை எனவும் எழுதியிருந்தீர்கள். வேலை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால், அது முடிந்துபோன கதை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

2020-இல் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 18 முதல் 39 வயதுடையோரிடம் நாஜிக் கொடுமைகளுக்கு ஆளான யூதர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரும் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் அமைப்பு நடத்திய ஆய்வில், கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் பேர் என்பது 63 சதவீதத்தினருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு வதைமுகாமின் பெயரையோ யூதர்களை ஒதுக்கி அடைத்து வைத்த நகர்ப்பகுதியான கெட்டோ ஒன்றின் பெயரையோகூட 48 சதவீதத்தினரால் சொல்ல முடியவில்லை. உயிர் பிழைத்தவர்கள் பள்ளிகளுக்கு நேரில் வந்து பேசிய காலம் முடிவுக்கு வந்துகொண்டிருப்பதால், பழைய ஆவணத்தைப் படித்து, அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இனி தேவைப்படுவார்கள்.

எருசலேமில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவகமான யாத் வஷேம், போலந்தில் நாஜி வதைமுகாம் இருந்த இடத்திலுள்ள ஆஷ்விட்ஸ் நினைவகம் போன்ற இடங்களில் ஆவணக் காப்பாளர், அருங்காட்சியகக் கல்வியாளர், மொழிபெயர்ப்பாளர் எனப் பணிகள் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு என்பதையும், மொழியறிவு இல்லாமல் அவற்றை எட்டுவது கடினம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எனவே, சென்னை கோதே நிலையத்தில் ஜெர்மன் வகுப்பில் இப்போதே சேரட்டும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலும் இஸ்ரேலின் ஹைஃபாவிலும் இத்துறையில் ஆங்கிலவழி முதுகலை இருக்கிறது; எனினும், ஆவணங்களைப் பராமரிக்கவும் மின்னுருவாக்கவும் சேர்த்துக் கற்றுக்கொண்டால் நம் ஊர் நூலகங்களிலும் காப்பகங்களிலும்கூட வாய்ப்புத் தேடலாம்.

கல்விக் கடனுக்கு அலைவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஜெர்மனியின் ஆரோல்சென் ஆவணக் காப்பகம், நாஜி முகாம்களின் கைதி அட்டைகளிலுள்ள விவரங்களைத் தன்னார்வலர்கள் இணையவழியே பதிவு செய்ய இடம் தருகிறது, கட்டணம் கிடையாது. நானும் சில அட்டைகளைப் பதிவு செய்திருக்கிறேன். பெயர், கைதி எண், பிறந்த ஊர், தொழில் என்னும் கட்டத்தில் 'தையற்காரர்'; பிறந்த தேதியைக் கணக்கிட்டால் வயது பத்தொன்பது. அந்த அட்டையை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கச் சற்று நேரம் பிடித்தது.

உங்கள் மகள் நூறு அட்டைகளைப் பிழையில்லாமல் பதிவு செய்து பார்க்கட்டும். அதற்குப் பின்னும் அவருடைய விருப்பம் மாறவில்லையென்றால் இருவரும் வாருங்கள், விண்ணப்பத் தேதிகளையும் உதவித்தொகைகளையும் சேர்ந்து பார்ப்போம்.