ஆக்டேன் மாற்றிப் போடலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வழக்கமாக 91 ஆக்டேன் பெட்ரோல் போடுவேன். போன தடவை 95 போட்டுவிட்டார்கள். இன்ஜின் கெட்டுப்போகுமா?

பதில்: கெடாது. டேங்கைக் காலி செய்ய வேண்டாம். அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. 91 போதும் என்று வடிவமைத்த இன்ஜினுக்கு 95 போட்டால் காசுதான் கூடுதல். பிக்அப் கூடாது.

கேள்வி: பாதி டேங்க் 91, பாதி 95 கலந்தால்?

பதில்: சுமார் 93 ஆகும். தாராளமாகக் கலக்கலாம்.

கேள்வி: என் வண்டிக்கு எந்த ஆக்டேன் நல்லது?

பதில்: எந்த வண்டி, எந்த வருட மாடல், டர்போ உண்டா, எதுவுமே எழுதவில்லை. எதை வைத்துச் சொல்வது? பெட்ரோல் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள், அல்லது கையேட்டைப் பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஆர்ஓஎன், ஏகேஐ என்பவை ஆக்டேனைக் குறிக்கும் வெவ்வேறு அளவுமுறைகள், அந்த எண் ஆர்ஓஎன்னா ஏகேஐயா என்றும் பாருங்கள். ஏகேஐ 87-ம் ஆர்ஓஎன் 91-ம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கேள்வி: டர்போ கார். 95 கட்டாயம் என்று கையேட்டில் இருக்கிறது. 91 போட்டும் நன்றாகத்தான் ஓடுகிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம். நன்றாக ஓடுவது போலத் தெரிவதற்குக் காரணம் நாக் சென்சார். அது இடிப்பை, அதாவது பெட்ரோல் தானாக வெடிப்பதைக் கண்டுபிடித்ததும், இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. அதற்கு விலையாக இழுவையும் மைலேஜும் குறையும். அந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. வெயிலில், முழு லோடில், மேட்டில் ஏறும்போது அது போதாமல் போனால் பிஸ்டன்தான் அடிவாங்கும். கையேட்டில் ‘பரிந்துரை’ என்று இருந்தால் குறைந்த ஆக்டேனில் சமாளிக்கலாம். ‘கட்டாயம்’ என்றால் கட்டாயம்தான். டேங்கில் இருக்கும் 91 தீரும்வரை டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள்.

கேள்வி: ஆக்டேன் பூஸ்டர் வாங்கினேன். ‘30 பாயின்ட் உயரும்’ என்று போட்டிருக்கிறது. 91 பெட்ரோல் 121 ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. இந்த பாட்டில்களில் ‘பாயின்ட்’ என்பது பெரும்பாலும் ஆக்டேனில் பத்தில் ஒரு பங்கு. 30 பாயின்ட் என்றால் 3 ஆக்டேன். 91 என்பது 94 ஆகும், அதுவும் சொன்ன அளவு டேங்கில் சொன்ன அளவு ஊற்றினால். அந்த 94-க்கு பெட்ரோல் பங்க்கிலேயே 95 போட்டுக்கொள்ளலாமே! வாங்குபவர் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தே இப்படி அச்சடிக்கிறார்கள்.

காசு போவதோடு முடிந்தால் பரவாயில்லை. பல பூஸ்டர்களில் மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மம் இருக்கிறது. அளவு மீறினால் ஸ்பார்க் பிளக்கில் செம்பழுப்பாகப் படியும், மிஸ்ஃபயர் ஆகும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் ஆக்சிஜன் சென்சாரிலும் போய் உட்காரும். உலோகத்தைக் கலந்து ஆக்டேனை ஏற்றும் வழியை நாம் முன்பே பார்த்துவிட்டோம். 1921-ல் ஈயச் சேர்மம் இடிப்பை நிறுத்தும் என்று கண்டுபிடித்தார்கள். சாலை வாகனங்களுக்கான பெட்ரோலிலிருந்து அதை உலகம் முழுக்க விரட்ட 2021 வரை ஆனது. அதற்குள் எத்தனை குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது! பெட்ரோல் மூடியில் எழுதியிருப்பதைப் போடுங்கள், பாட்டிலைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஆக்டேன் கூடினால் இன்ஜின் உள்ளே சுத்தமாகுமா?

பதில்: சுத்தம் செய்வது பெட்ரோலில் சேர்க்கும் டிடர்ஜென்ட். ஆக்டேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: எத்தனால் கலந்தால் ஆக்டேன் கூடும் என்கிறார்கள். மைலேஜ் ஏன் குறைகிறது?

பதில்: இரண்டும் உண்மை. எத்தனாலின் ஆர்ஓஎன் 108-க்குப் பக்கம், ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்பில் மைலேஜ் 3 சதவீதம் போல விழும்.

கேள்வி: கார்புரேட்டர் வைத்த பழைய பைக். மேடு ஏறும்போது டிக் டிக் என்று சத்தம். 95-க்கு மாறலாமா?

பதில்: மாறலாம், சத்தமும் நிற்கலாம். ஆனால் முன்பு வராத சத்தம் இப்போது ஏன் வருகிறது? டைமிங், கார்பன் படிவு, பெட்ரோல் குறைந்த கலவை, இன்ஜின் சூடு, நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த பைக்கில் இடிப்பைக் கண்டுபிடிக்க நாக் சென்சார் கிடையாது, காதுதான் சென்சார். சத்தம் வந்தால் உடனே கியரைக் குறையுங்கள்.

கேள்வி: டீசல் காருக்கு 95 போட்டுவிட்டேன். 91 போட்டிருக்க வேண்டுமா?

பதில்: இரண்டுமே கூடாது! டீசலுக்கு சீட்டேன் எண், அதாவது அது எவ்வளவு எளிதாகத் தானாகப் பற்றும் என்பதன் அளவு, ஆக்டேன் அல்ல. பெட்ரோல் மூடியைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். வண்டியைத் தள்ளி ஓரம்கட்டி, டேங்கை முழுக்க வடித்துவிட்டுத்தான் மறு வேலை.