முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு சமபடித்தானதா என்று எப்படி அறிவது?

ஒரு முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டில், ஒய்யின் வகைக்கெழுவை ஒய்/எக்ஸ் என்னும் விகிதத்தை மட்டும் கொண்டு எழுத முடிந்தால், அது சமபடித்தான சமன்பாடு. மும்பை மாட்டுங்காவில் ஒருவருக்காகக் கலக்கும் காபியையும், வீடு நிறைய விருந்தினர் வந்த நாளில் பத்துப் பேருக்குக் கலக்கும் காபியையும் எண்ணிப் பாருங்கள்: டிகாக்‌ஷனையும் பாலையும் ஒரே மடங்கில் கூட்டினால் திடம் மாறுவதில்லை, ஏனெனில் அதைத் தீர்மானிப்பது அளவன்று, விகிதமே. அவ்வாறே எக்ஸ், ஒய் இரண்டையும் பூஜ்ஜியமல்லாத ஒரே எண்ணால் பெருக்கிய பின்னும் வகைக்கெழுவின் மதிப்பு மாறாமல் நிற்க வேண்டும். இதுவே உறுதியான சோதனை.

வகைக்கெழு ஒரு பின்னமாக அமைந்து, அதன் தொகுதியில் எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூடி நிற்க, பகுதியில் 2 × எக்ஸ் × ஒய் இருந்தால், எல்லா உறுப்புகளும் 2ஆம் படியில் இருப்பதால், பெருக்கிய எண் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. தொகுதியில் தனியாக ஒரு 1 சேர்ந்துவிட்டால் இந்தப் பொருத்தம் குலைந்துவிடும். ஒய்/எக்ஸின் சைன் போன்றவை வரும்போது படிகளை எண்ணுவதைவிடப் பெருக்கிப் பார்ப்பதே நல்லது. இவ்வகையை அடையாளம் காண்பதன் பயன், வி என்னும் புதிய மாறியைக் கொண்டு ஒய் = வி × எக்ஸ் எனப் பிரதியிட்டதும் மாறிகள் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன என்பதே.

வலப்பக்கம் பூஜ்ஜியமாக இருப்பதே இதன் அடையாளம் என்று பலர் கருதுகின்றனர். அது நேரியல் சமன்பாடுகளுக்கு இதே பெயரில் வழங்கும் வேறொரு பொருள்.